பின்னால் நிற்பவர் யார்? பெரிய ஜீப், பார்க்கிங் சென்சர், சாரதியின் கவனம்: மாத்தளையிலிருந்து ஒரு பார்வை

1. கேள்வி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மாத்தளை மாவட்டத்தைத் தெற்கு வடக்காக ஊடறுத்துப் போகிறது. மாத்தளை நகர், அலுவிகாரை, பலாபத்வல, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று அது தொட்டுச் செல்லும் எல்லா இடங்களிலும் வீதியும் கடைத்தெருவும் ஒன்றுதான். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறி, சீகிரியாவுக்குப் பயணிகளைக் கொண்டுபோகும் வேன், பாடசாலைப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வரும் ஓட்டோ, வாசனைத் திரவியத் தோட்டத்து வாசலில் நிற்கும் சுற்றுலா பஸ், இவற்றுக்கிடையே ஒரு லாண்ட் குரூசர் அல்லது பிராடோ அல்லது மொண்டெரோ. இலங்கைப் பேச்சில் இந்தப் பெரிய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஜீப்.

லாண்ட் குரூசர் 300 ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் எடை இரண்டரைத் தொன்னைத் தொடும். அதே தெருவில் ஓடும் பஜாஜ் ஓட்டோவின் அகலம் 1.3 மீற்றர். இங்கே பெருகிக் கிடக்கும் வேகன்ஆர் போன்ற ஜப்பானிய சிறுரகக் கார்களின் அகலம், அந்த நாட்டுச் சட்டப்படி 1.48 மீற்றருக்கு மேற்போகக் கூடாது. அளவில் இவ்வளவு வேறுபட்ட வாகனங்கள் ஒரே ஓரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், பெரிய வாகனத்தின் சாரதி தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை எப்படி அறிகிறார்? பம்பரில் பதித்த சிறு வட்டங்கள் 'பீப் பீப்' என்று சொல்லிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த ஒலி சாரதியின் கவனத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்றுதான் வழக்கமாகக் கேட்கப்படுகிறது. கவனத்தைக் கூடுதல் குறைவாக அளப்பது போதாது என்பது என் எண்ணம். அந்த ஒலி கவனத்தை எதன் மேல் திருப்புகிறது, யாரை விட்டு விலக்குகிறது என்று கேட்டால்தான் மாத்தளை போன்ற இடத்தின் நிலைமை விளங்கும்.

2. கருவி எதற்காக வந்தது

மீயொலி சென்சர் பொருத்திய முதல் விற்பனைக் காராக டொயோட்டாவின் 1982ஆம் ஆண்டுக் கொரோனா குறிப்பிடப்படுகிறது. பின்னோக்கி வரும்போது தடைக்கு உள்ள தூரத்தைச் சொல்வது அதன் வேலை. 1991இல் ஜப்பானிய டொயோட்டா சோரர் பின்பக்கக் கமராவுடன் வந்தது. 1990களில் ஜெர்மானியச் சொகுசுக் கார்கள் சென்சரை ஏற்றுக்கொண்டன. நீண்ட உடலும் விலையுயர்ந்த வர்ணமும் கொண்ட காரை நெருக்கமான நகரத் தரிப்பிடத்தில் கீறல் விழாமல் நுழைப்பதே அங்கே தேவைப்பட்டது.

இந்தப் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சுவர், தூண், பக்கத்துக் காரின் பம்பர் போல அசையாத, கெட்டியான, குத்துநிலையில் நிற்கும் பொருள்களை நோக்கி அமைக்கப்பட்ட கருவி இது. மனிதரைக் காப்பாற்றும் கருவி என்ற பெயர் பிற்பாடு விளம்பரத்தில் ஒட்டிக்கொண்டது.

பம்பரில் உள்ள ஒவ்வொரு வட்டமும் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. 20 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் போகும். ஒன்றரை மீற்றரில் ஒரு சுவர் இருந்தால் எதிரொலி திரும்ப ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கும் ஆகாது. கருவியின் பக்கம் தாமதமே இல்லை. தாமதம் மனிதரிடம் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிர்பாராத ஒலியைக் கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, காலை பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஜீப் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது சாதாரணமாக நடக்கும் ஒருவரின் வேகத்தில் பின்னே வருகிறது. ஒன்றரைச் செக்கனில் அது 2 மீற்றருக்குச் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். பின்பக்க சென்சர்கள் பலவும் ஒன்றரை மீற்றர் முதல் இரண்டரை மீற்றர் வரைக்குள்தான் பேசத் தொடங்குகின்றன. ஆக, சென்சரின் ஒலி கேட்டபின் நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை, நடைவேகத்தைவிடக் குறைவாக ஊர்ந்தால் மட்டுமே நியாயமானது. அந்த வேகத்தில் ஊரும் சாரதி ஏற்கெனவே எச்சரிக்கையாக இருப்பவர். அவசரப்படுகிறவருக்குத்தான் சென்சர் அதிகம் தேவை. அவருக்குத்தான் அது மிகக் குறைவாக உதவுகிறது.

சென்சருக்குத் தெரியாதவையும் உண்டு. மெல்லிய கம்பி, தாழ்ந்த விளிம்புக் கல், ஒலியை உறிஞ்சும் தளர்ந்த துணி ஆகியவை எதிரொலியைச் சரியாகத் திருப்புவதில்லை. மழையிலும் சேற்றிலும் வட்டம் மூடிப்போகும். எல்லாவற்றையும்விட மலைநாட்டுக்கு முக்கியமானது, இல்லாத நிலத்தை அது உணராது என்பது. ஓரத்தில் வெட்டிவிட்ட கான், றிவர்ஸ்டன் போகும் வழியில் தார் முடிந்தவுடன் இறங்கும் சரிவு, எல்கடுவப் பக்கத்துத் தேயிலைப் பாதையின் உடைந்த விளிம்பு, இவை எதற்கும் எதிரொலி கிடையாது. எதிரொலி இல்லாவிட்டால் ஒலியும் இல்லை. ஒலி இல்லாததை 'இடம் இருக்கிறது' என்று வாசித்துப் பழகிய சாரதிக்கு அந்த மௌனமே ஒரு பொய்த் தகவல். சமதளத் தரிப்பிடத்துக்காக அமைந்த கருவியோடு மலையில் ஓட்டும்போது எழும் இந்தச் சிக்கல், சென்சர் பற்றிய எழுத்துகளில் பேசப்படுவது அரிது.

3. கவனம் பற்றிய மூன்று விளக்கங்கள்

பாதுகாப்புக் கருவி வந்ததும் மனிதர் கவனக்குறைவாகிவிடுகிறார் என்பது பழைய வாதம். பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் அமெரிக்காவின் கார்ப் பாதுகாப்பு விதிகளை ஆராய்ந்து, விதிகள் தந்த நன்மையைச் சாரதிகள் துணிச்சலான ஓட்டத்தால் செலவழித்துவிட்டார்கள் என்று வாதிட்டார். 1982இல் ஜெரால்ட் வைல்ட் அதை உளவியல் கோட்பாடாக்கினார். ஒவ்வொருவரும் ஓர் அளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு வாழ்கிறார் என்றும், ஒரு பக்கம் ஆபத்துக் குறைந்தால் மறுபக்கம் கூட்டிக்கொள்கிறார் என்றும் அது சொல்கிறது. மியூனிக் நகர டாக்சிகளில் பூட்டாத பிரேக் (ABS) பொருத்திப் பார்த்த ஆய்வு இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. அங்கே விபத்து எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அந்த டாக்சிகளின் ஓட்டம் கூடுதல் முரட்டுத்தனமாக இருந்தது.

இந்தக் கோட்பாடு பார்க்கிங் சென்சருக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். வேகமாக ஓட்டுவதில் ஓர் இலாபம் உண்டு, நேரம் மிஞ்சும். பின்னோக்கி வேகமாக வருவதில் மிஞ்சுவது இரண்டு மூன்று செக்கன். அதற்காக யாரும் கணக்குப் போட்டு ஆபத்தை வாங்குவதில்லை.

இரண்டாவது விளக்கம் பொய்யெச்சரிக்கை. ஷ்லோமோ பிரெஸ்னிட்ஸ் 1984இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக ஆராய்ந்தது. வராத ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் தன் நம்பகத்தைச் சிறிது இழக்கிறது. மாத்தளைக் கடைத்தெருவில் இதைக் கண்ணால் காணலாம். பல ஜீப்புகளில் முன்பக்க சென்சர் குறைந்த வேகத்தில் தானே விழித்துக்கொள்ளும். திருகோணமலை வீதியில் நெரிசலில் ஊரும்போது இடப்பக்கம் ஓட்டோ உரசிப் போகும், வலப்பக்கம் மோட்டார் சைக்கிள் நுழையும், முன்னே ஒருவர் கைகாட்டிக் குறுக்கே நடப்பார். சென்சர் அத்தனைக்கும் அலறும். அது சொல்வது தொழில்நுட்பப்படி உண்மை, ஒரு பொருள் மிக அருகில் இருக்கிறது. ஆனால் எல்லாமே எப்போதும் அருகில் இருக்கும் தெருவில் அந்த உண்மைக்குப் பயன் இல்லை. சாரதி பொத்தானை அமர்த்திச் சத்தத்தை நிறுத்துகிறார், அல்லது காதால் கேட்டபடியே கேட்காமல் இருக்கப் பழகுகிறார். பின்னவரின் நிலை மோசம். அவருடைய வாகனத்தில் எச்சரிக்கை இயங்குகிறது, அவரிடத்தில் இயங்கவில்லை.

மூன்றாவது விளக்கம் இன்னும் நுட்பமானது, சான்றும் அதற்குத்தான் வலுவாக இருக்கிறது. எச்சரிக்கை ஒலித்தபின் சாரதி என்ன செய்கிறார்? ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக 2000களில் நடந்த சோதனைகளில், சாரதிக்குச் சொல்லாமல் வாகனத்தின் பின்னே ஒரு தடை வைக்கப்பட்டது. ஒலியைக் கேட்டவர்கள் பலர் பிரேக்கைத் தொட்டார்கள், திரும்பிப் பார்த்தார்கள். தாழ்ந்த தடை கண்ணாடி வழியே தெரியவில்லை. 'ஒன்றுமில்லை' என்று தொடர்ந்து வந்து மிகப் பெரும்பாலானோர் மோதினார்கள். இவர்களைக் கவனமற்றவர்கள் என்று சொல்ல முடியாது. ஒலிக்குச் செவிசாய்த்தார்கள், பார்த்தார்கள், கண்ணை நம்பினார்கள். தங்கள் வாகனத்தின் பின்னே கண்ணுக்கு எட்டாத பெரும் பரப்பு இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2014இல் வெளியிட்ட சோதனை இதற்கு மேலும் ஒரு திருப்பம் தந்தது. குழந்தையளவு உருவம் ஒன்று பின்னே வைக்கப்பட்டபோது, சென்சர் மட்டும் இருந்தவர்கள் எந்தக் கருவியும் இல்லாதவர்களைவிடப் பெரிதாகத் தப்பவில்லை. கமரா மட்டும் இருந்தவர்கள் கணிசமாகத் தப்பினார்கள். கமராவும் சென்சரும் சேர்ந்து இருந்தவர்களோ, கமரா மட்டும் இருந்தவர்களைவிட அதிகம் மோதினார்கள். ஒலிக்கும் என்று காத்திருந்ததால் திரையைப் பார்ப்பது குறைந்தது என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இரண்டு கருவி ஒன்றைவிட நல்லது என்ற சாதாரணப் புத்தி இங்கே தோற்கிறது. லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் தொழிற்சாலைத் தன்னியக்கம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். வேலையின் எளிய பகுதியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு அரிய, கடினமான தருணத்தை மனிதரிடம் விட்டால், அந்தத் தருணத்துக்கான பழக்கம் அவரிடம் இருக்காது. தூண்களையும் சுவர்களையும் சென்சர் நூறு முறை சரியாகச் சொல்லித் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. நூற்றோராவது முறை பின்னே உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளை.

கமராவையும் புனிதமாக்க வேண்டியதில்லை. அதே நிறுவகத்தின் கணக்குப்படி பின்கமரா மறைபரப்பைச் சராசரியாக 90 வீதம் குறைக்கிறது. பொலிஸில் பதிவான பின்னோக்கிய மோதல்களோ 17 வீதம்தான் குறைந்தன. தெரியும்படி செய்வதற்கும் பார்ப்பதற்கும் இடையே உள்ள தூரம் இந்த இரு எண்களுக்கு இடையே இருக்கிறது. பின்னோக்கி வரும்போது வாகனமே தானாகப் பிரேக் போடும் அமைப்பு, கமராவும் சென்சரும் சேர்ந்த நிலையில், மோதலை 78 வீதம் குறைத்ததாகவும் அதே நிறுவகம் கண்டது. சாரதியின் கவனத்தை நம்பாத கருவிதான் அதிகம் வென்றிருக்கிறது.

4. குழந்தையின் உயரம்

அமெரிக்காவில் இந்த விவாதம் சட்டமாக மாறியதற்குக் காரணம் ஒரு பெரிய ஜீப்தான். தந்தை வீட்டு வாசலில் வாகனத்தைப் பின்னெடுத்தபோது இறந்த இரண்டு வயதுக் குழந்தை கெமரன் குல்ப்ரான்சனின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008 பெப்ரவரியில் ஒப்பமிடப்பட்டது. அதன் கீழான பின்பார்வை விதி 2014இல் வந்து, 2018 மே 1 முதல் எல்லாப் புதிய இலகு வாகனங்களுக்கும் முழுமையாக நடைமுறையானது. விதியை வெளியிட்டபோது அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் தந்த கணக்கின்படி, பின்னோக்கிய மோதல்களில் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்தார்கள், 15,000 பேர் காயமுற்றார்கள். இறந்தவர்களில் 31 வீதம் ஐந்து வயதுக்குட்பட்டோர், 26 வீதம் எழுபதைக் கடந்தோர்.

இந்தக் கணக்கைப் பெறவே அவர்கள் புதிய வழி தேட வேண்டியிருந்தது. வழமையான வீதி விபத்துப் பதிவில் வீட்டு வாசலும் தனியார் தரிப்பிடமும் அடங்காது. பொதுவீதியில் நடக்காத மரணம் போக்குவரத்து மரணமாக எண்ணப்படுவதில்லை. 2007இல்தான் அவற்றைத் தனியாகத் திரட்டும் முறை தொடங்கியது. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கும் இலங்கையில் பேச்சு முழுவதும் வேகம், மது, முந்திச்செல்லல் என்று நெடுஞ்சாலையைச் சுற்றியே நடக்கிறது. கோயில் முன்றல், திருமண மண்டப வளவு, லயன் வாசல் போன்ற இடங்களில் மெதுவாக நடக்கும் விபத்துக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

லயன் வாசல் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் லயன் அறையின் படியை விட்டு இறங்கினால் பல இடங்களில் கால் படுவது தோட்டப் பாதைதான். முற்றம், விளையாட்டுத்திடல், துணி காயவைக்கும் இடம், வாகனம் திரும்பும் இடம் எல்லாம் அந்த ஒரே கீற்று நிலம். ஜீப் அங்கே வருவதென்றால் தோட்ட நிருவாகத்தின் வேலையாக வரும், அரசியல்வாதி வருவார், அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாடகைக்கு எடுத்து வருவார். பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுற்றி நிற்பார்கள். அது அவர்களுக்கு விசேஷம். வந்த வாகனம் திரும்புவதற்கு இடமில்லாமல் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

2016ஆம் ஆண்டு இலங்கை மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் தேசிய அளவில் 17 வீதம். தோட்டத்துறையில் அது 32 வீதம். போசணை பற்றிய கூட்டங்களில் மட்டும் பேசப்படும் எண் இது. ஜீப்பின் பின்கண்ணாடிக்குக் கீழே யார் மறைகிறார்கள் என்ற கேள்வியிலும் இதற்கு இடமுண்டு. அமெரிக்க விதி கமராவைச் சோதிக்க நிறுத்தும் உருளையின் உயரம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஈடாக வைத்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளை கூடுதல் மாதங்கள், கூடுதல் ஆண்டுகள் அந்த மறைபரப்புக்குள் வாழ்கிறது. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2006ஆம் ஆண்டு ஆய்வு, சென்சர்கள் மனிதரை, அதிலும் சிறு பிள்ளைகளைக் கண்டறிவது மோசமாகவும் ஒழுங்கற்றும் இருந்ததாகச் சொன்னது.

முன்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொனட்டின் முகப்பு ஒரு மீற்றரைத் தாண்டும் வாகனம் பாதசாரியை மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வாகனத்தைவிட ஏறத்தாழ 45 வீதம் அதிகம் என்று அதே காப்புறுதி நிறுவகம் 2023இல் காட்டியது. முன்னே 10 மீற்றர் ஆரத்துக்குள் சாரதிக்குத் தெரியும் பரப்பு, செவர்லே சபர்பன் என்ற பெரிய ஜீப்பில் 2000ஆம் ஆண்டு மாதிரியில் 56 வீதமாக இருந்தது, 2023 மாதிரியில் 28 வீதமானது என்பது 2025இல் வந்த கணிப்பு. வாகனத்தின் உடலை வளர்த்துப் பார்வையைப் பறித்த தொழில், பறித்ததில் ஒரு பங்கைத் திரையும் ஒலியுமாக விலைக்குத் திருப்பித் தருகிறது.

5. டோக்கியோவில் எழுதப்படும் மாத்தளைச் சட்டம்

அமெரிக்க விதி, வாகனத்தின் பின்னே 10 அடிக்கு 20 அடி பரப்பைப் படமாகக் காட்டும்படி கேட்கிறது. சென்சர் மட்டும் இருந்தால் அது ஏற்காது. 2021இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 158 வேறு வழி எடுத்தது. அதன்படி பின்பார்வைக்குக் கமராவும் போதும், மீயொலி சென்சரும் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையிலிருந்தும் ஜப்பான் 2022 மே மாதத்திலிருந்தும் புதிய மாதிரிகளுக்கு இந்த வகை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கின.

இலங்கையின் பெரிய ஜீப்புகளில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வருகிறது, அதிலும் பல அங்கே ஓடிப் பழகி வருபவை. எனவே ஒரு பிராடோவின் பம்பரில் என்ன இருக்க வேண்டும் என்பதை டோக்கியோவின் விதியே தீர்மானிக்கிறது. அந்த விதி மாத்தளைக் கடைத்தெருவை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. வாகனம் இயங்கத் தொடங்கியதும், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரல் சொல்வதை இலங்கையில் ஆயிரக்கணக்கானோர் தினமும் கேட்கிறார்கள். அது என்ன சொல்கிறது என்று கேட்பவர் இல்லை. வாகனம் பேசுவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டும் பழக்கம் அங்கேயே ஆரம்பமாகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து ஆண்டு இடைவெளியில் இருந்தவற்றையே தட்டிப் பூசி ஓட்டினார்கள். பம்பரைப் புதிதாக வர்ணம் பூசும்போது சென்சர் மேலும் தடித்த பூச்சு விழும். உடைந்த சென்சருக்குப் பதில் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய மலிவான தொகுதி ஏறும். மொண்டெரோவிலும் சில பிராடோக்களிலும் பின்கதவில் தொங்கும் மேலதிகச் சக்கரம் பம்பருக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும். சென்சர் பம்பரிலிருந்து உள்ள தூரத்தை அளந்துகொண்டிருக்க, சக்கரம் முதலில் முட்டும். கருவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கும் எந்த விதியும் இங்கே பாதி விதிதான். அது வேலை செய்கிறதா என்று வருடாந்தம் பார்க்க வேண்டும்.

6. உள்ளே ஒலிப்பதும் வெளியே ஒலிப்பதும்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. அங்கே லொறி பின்னெடுக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். லொறி உரத்த ரிவர்ஸ் ஹோர்னுடன் வரும். பின்னே ஒருவர் நின்று 'வரட்டும், வரட்டும்' என்பார், பலகையில் தட்டுவார், போதுமென்றால் ஓங்கி ஒரு தட்டு. மூட்டை சுமக்கும் நாட்டாமிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு விலகுவார்கள். லொறியின் எச்சரிக்கை வெளியே இருப்பவர்களுக்கானது. விலகும் பொறுப்பின் ஒரு பங்கை அவர்களுக்குத் தருகிறது, விலகுவதற்கு அவகாசமும் தருகிறது. சூன் பாண் ஓட்டோ இசை போட்டு வருவதும், பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கி 'ரைட், ரைட்' என்பதும் இதே வகை. வாகனத்தைச் சுற்றியுள்ளவர்களும் அதை ஓட்டுவதில் பங்கெடுக்கிறார்கள்.

சொகுசு ஜீப்பின் சென்சர் உள்ளே ஒலிக்கிறது. கண்ணாடிகள் ஏற்றி, கறுப்பு ஒட்டி, குளிரூட்டி ஓட, அந்த 'பீப்' மூடிய அறைக்குள் சாரதிக்கு மட்டும் கேட்கிறது. பின்னே நிற்பவருக்கு அந்த எச்சரிக்கையில் பங்கில்லை. ஹைபிரிட் வாகனம் என்றால் பல வேளைகளில் எஞ்சின் சத்தமும் இல்லை. கவனம் முன்பு இரு பக்கமும் இருந்தது, பரிமாறப்பட்டது. கண்ணைப் பார்த்து, கையைக் காட்டி, தலையை அசைத்து நடந்த அந்தப் பேச்சு ஒரு காதுக்குள் முடிந்துபோகிறது. சென்சரால் நேர்ந்த பெரிய இழப்பு இதுவே என்று கருதுகிறேன். சாரதி சோம்பேறியானது இரண்டாம்பட்சம். வெளியே நின்று சொல்ல ஒருவர் வேண்டும் என்ற எண்ணமே கைவிடப்பட்டதுதான் முதன்மையானது.

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனியை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. தேரை இழுப்பவர்களுக்குச் சக்கரம் தெரியாது, மேலே நிற்பவருக்கும் தெரியாது. அதனால்தான் தேரோட்டத்தில் சக்கரத்தருகே கட்டையோடு நடப்பவர் என்ற பொறுப்பு எப்போதும் உண்டு. பார்வை இல்லாத பெரிய வாகனத்துக்குத் தனியாக ஒரு பார்வையாளரை நியமிப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டரைத் தொன் ஜீப்புக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றுவதுதான் புதிது.

கௌரவம் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். இங்கே பெரிய ஜீப் பெரும்பாலும் பதவியின் அடையாளம். பாராளுமன்ற உறுப்பினர்களின் தீர்வையற்ற வாகன அனுமதி பல ஆண்டுகளாகச் சர்ச்சைக்குள்ளானது. 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டதே அரசியல் செய்தியாயிற்று. இத்தகைய வாகனத்தைப் பல வேளைகளில் ஓட்டுவது சம்பளத்துக்கு வேலை செய்யும் சாரதி. ஆய்வுக்கூடச் சோதனைகள் எல்லாம் தன் காரைத் தானே ஓட்டும் ஒருவரைக் கற்பனை செய்கின்றன. சம்பளச் சாரதியின் கவனம் பின்னிருக்கையால் பங்கு போடப்படுகிறது. ஐயா அவசரப்படுகிறார், தொலைபேசியில் பேசுகிறார், 'எடு, எடு' என்கிறார். பம்பரில் கீறல் விழுந்தால் ஏச்சு சாரதிக்கு. கீறலைத் தவிர்க்க சென்சர் அவருக்கு உண்மையிலேயே உதவுகிறது, ஆகவே அதன் சொல்லையே அவர் முதலில் கேட்கிறார். கீறலுக்குத் தண்டனை உடனடியானது, உறுதியானது. பிள்ளை மேல் மோதுவது அரிதிலும் அரிது. கவனம் எங்கே தண்டனை அடிக்கடி விழுகிறதோ அந்தப் பக்கம் சாய்வது மனித இயல்பு. வாகனத்துக்குள் இருக்கும் அதிகார உறவை விட்டுவிட்டுச் சாரதியின் கவனத்தை மட்டும் உளவியலாக ஆராய்வது பாதிப் படம்.

7. செய்யக்கூடியவை

சென்சரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. சுவரில் மோதாமல் காக்கும், இரவில் தூணைச் சொல்லும், கழுத்து வலிக்காரருக்கு உதவும். அது ஒரு பம்பர்க் காவல் என்ற அளவில் அதை ஏற்கலாம். மனிதக் காவல் என்ற பெயரில் விற்கும்போதுதான் மறுக்க வேண்டும்.

2018இல் இலங்கை இறக்குமதி வாகனங்களுக்குக் காற்றுப்பை, பூட்டாத பிரேக், மூன்றுமுனை ஆசனப்பட்டி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. இவை மூன்றும் முதலில் காப்பது உள்ளே இருப்பவர்களை. அடுத்து விதி திருத்தப்படும்போது வெளியே நிற்பவருக்காகவும் ஒரு வரி சேர வேண்டும். ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கும் எடைக்கும் மேற்பட்ட வாகனங்களுக்குப் பின்கமராவும், பின்னோக்கிய தானியங்கிப் பிரேக்கும், வெளியே கேட்கும் ரிவர்ஸ் ஒலியும் வேண்டும். சென்சரைக் கமராவுக்கு மாற்றாக ஏற்கும் ஐக்கிய நாடுகள் விதியின் தெரிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்த ஓர் அம்சத்தில் அமெரிக்க வழியைப் பின்பற்றுவதே இந்நாட்டுக்குப் பொருந்தும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் சாரதிப் பயிற்சியிலும் பரீட்சையிலும் வாகனத்தைச் சுற்றி நடந்து பார்த்த பின்பே ரிவர்ஸ் போடும் பழக்கத்துக்குப் புள்ளி இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. கோயில் வளவிலோ லயன் வாசலிலோ வாகனத்தைப் பின்னெடுக்க வேண்டி வந்தால், பின்னிருக்கையில் இருப்பவர் யாராக இருந்தாலும் இறங்கி, சாரதியின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று, பிள்ளைகளை ஒதுக்கி, 'வரட்டும்' என்று சொல்லட்டும்.